தானாக ஏறும் மேகமும் வெற்று அடைவும்

ஒரு பல்கலைக்கழகத் துறையின் ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். நான்கைந்து ஆய்வாளர்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் பொதுக் கணினி, அதில் லினக்ஸ். கணினியை இயக்கியவுடன் ‘டிரைவ்’ என்றொரு கோப்புறை தானாக வந்து நிற்கிறது. திறந்தால் கூகுள் டிரைவில் உள்ளவை எல்லாம் வன்தட்டிலேயே இருப்பவை போலத் தோன்றுகின்றன. கருவியிலிருந்து வரும் அளவீடுகளை அதற்குள் எழுதும் ஒரு பைத்தான் நிரல் உண்டு. நள்ளிரவில் அக்கோப்புறையை வெளி வன்தட்டுக்கு நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றும் உண்டு. இவற்றை அமைத்துக்கொடுத்த மூத்த ஆய்வாளர் பட்டம் பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை.

காட்சி கற்பனைதான், ஆனால் அறிவியல் துறைகளில் நடமாடும் எவருக்கும் அது அந்நியமாய் இராது. மேகச் சேமிப்பைக் கணினி தானாக ஏற்றிக்கொள்ளும்படி அமைப்பது இன்று ஐந்து நிமிட வேலை. அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது நடக்காமல் போகிற நாளில் என்ன ஆகும் என்று சொல்லித்தருவோர் அரிது. ஏற்றம் நிகழாத அந்தக் காலையில் கணினி பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு வெற்றுக் கோப்புறையைக் காட்டிவிட்டு வழக்கம்போல் ஓடுகிறது. ஆய்வுத் தரவைப் பொறுத்தவரை இந்த மௌனம்தான் பெரிய ஆபத்து. ஆகவே மேகத்தை ஏற்றலாமா கூடாதா என்பதைக் காட்டிலும், ஏறாதபோது கூச்சலிடும்படி அதை ஏற்றியிருக்கிறோமா என்பதே ஆய்வாளர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

‘ஏற்றுதல்’ என்ற சொல்லின் வரலாறு இங்கே சற்று உதவும். பழைய கணினி மையங்களில் அது உடலுழைப்பு. காந்த நாடாச் சுருளையோ வட்டுப் பொதியையோ ஊழியர் ஒருவர் தூக்கிக்கொண்டுபோய் இயந்திரத்தில் பொருத்துவார். யூனிக்ஸ் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. 1971 நவம்பரில் வெளிவந்த அதன் முதல் பதிப்புக் கையேட்டிலேயே இந்தக் கட்டளை இருக்கிறது. ஒரு வட்டின் உள்ளடக்கத்தை, ஏற்கெனவே உள்ள அடைவு மரத்தின் ஒரு கிளையில் ஒட்டவைப்பது அதன் பணி. கிளை முன்பே இருக்க வேண்டும். ஒட்டப்பட்டது அதை மூடி மறைத்துக்கொள்ளும். ஒட்டு விலகினால் பழைய கிளை, அதாவது பெரும்பாலும் ஒரு வெற்று அடைவு, மீண்டும் வெளியே தெரியும். ஐம்பதாண்டுகளுக்கு முற்பட்ட இந்த வடிவமைப்பில் பிழை ஒன்றும் இல்லை. வட்டு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க அன்று ஓர் ஆள் இருந்தார். 1984இல் சன் நிறுவனம் தந்த வலையமைப்புக் கோப்பு முறைமையோடு வட்டு வேறு அறைக்குப் போயிற்று; இன்று வேறு நாட்டுக்குப் போய்விட்டது. தாம் இருப்பதையே அறியாத ஒரு கணினி செயலிழந்தால் தம் கணினி பயன்படாமற் போகும் நிலையைத்தான் விரவல் அமைப்பு என்கிறோம் என்று லெஸ்லி லாம்போர்ட் 1987இல் ஒரு மின்னஞ்சலில் வேடிக்கையாக எழுதினார். பயன்படாமற் போவதாவது வெளிப்படையாகத் தெரியும். மேக ஏற்றத்தில் கணினி நன்றாகவே பயன்படுகிறது. எழுதுவது எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் தெரிவதில்லை.

லினக்ஸ் பயனர்கள் இந்த வழிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலில் அறிமுகமானது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் அதிகாரபூர்வ மென்பொருள் வந்தது. லினக்ஸுக்கு இன்றுவரை வரவில்லை. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவுக்கும் அதே கதை. டிராப்பாக்ஸ் லினக்ஸுக்கு மென்பொருள் தந்தது. ஆனால் 2018இல் ஒரேயொரு வகைக் கோப்பு முறைமையைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டு, மறு ஆண்டு அவற்றுட் சிலவற்றை மீண்டும் சேர்த்துக்கொண்டது. இந்த இடைவெளியைத் தன்னார்வ நிரலர்கள் நிரப்பினார்கள். அவர்களது படைப்புகளில் மிகப் பரவலானது நிக் கிரெய்க்-வுட் தொடங்கிய ஆர்க்ளோன். பல பத்து மேகச் சேவைகளோடு ஒரே மொழியில் பேசக்கூடிய, கோ மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் அது. அதன் தரத்தைப் பற்றி இங்கே குறை ஒன்றும் இல்லை. தன் வரம்புகளைத் தானே இவ்வளவு நேர்மையாக எழுதிவைத்திருக்கும் கையேடு மென்பொருள் உலகில் அபூர்வம். அதைப் படிக்காமல் கட்டளையை மட்டும் நகலெடுப்பது படிப்பையே தொழிலாகக் கொண்டவர்களிடமும் காணப்படும் வழக்கம்.

இது இயங்கும் விதம் எளியது. லினக்ஸ் கெர்னலில் 2005 முதல், அதன் 2.6.14 பதிப்பு தொடங்கி, ஃப்யூஸ் என்ற வசதி இருக்கிறது. சாதாரணப் பயனரின் நிரல் ஒன்று ‘நானே ஒரு வட்டு’ என்று கெர்னலிடம் சொல்லிக்கொள்ள அது இடம் தருகிறது. கோப்பு மேலாளர் ‘இந்த அடைவில் என்ன இருக்கிறது’ என்று கேட்கும். கெர்னல் அக்கேள்வியை ஆர்க்ளோனிடம் திருப்பிவிடும். ஆர்க்ளோன் இணையத்தில் கூகுளிடம் கேட்டு விடையைக் கொண்டுவரும். வட்டு என்று அங்கே ஒன்றும் இல்லை. கேள்விக்கு விடை சொல்லும் தூதர் ஒருவர்தான் இருக்கிறார். தூதர் இல்லாவிட்டால் வட்டும் இல்லை.

இனி, தூதர் வராத காலை. கணினி எழும்போது பல பணிகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஏற்றும் பணி தொடங்கும் கணத்தில் வைஃபை இன்னும் இணைந்திராது. சிஸ்டம்டியில் ‘வலையமைப்பு வந்த பின் தொடங்கு’ என்று சொல்ல வழி உண்டுதான். ஆனால் பெரும்பாலோர் ஏற்றத்தைத் தம் பயனர் கணக்கின் சேவையாக அமைக்கிறார்கள். அமைப்பு முழுவதற்குமான அந்த வலையமைப்பு இலக்கு பயனர் சேவைகளின் கண்ணுக்குத் தெரியாது. எழுதிவைத்த நிபந்தனை வெறும் அலங்காரமாக நின்றுவிடும். மேலும் பயனர் சேவைகள் அந்தப் பயனர் உள்நுழைந்த பிறகே தொடங்கி, அவர் வெளியேறினால் நின்றுவிடுவன. உள்நுழையாதபோதும் நீடிக்க வேண்டுமெனில் அதற்கென்று தனி அனுமதி தர வேண்டும். இவற்றில் ஏதோ ஒன்று தவறினாலும் சேவை தோற்று, தோல்வியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். பதிவேட்டை யார் பார்க்கிறார்கள்?

இதற்கிடையில் அளவீட்டு நிரல் எழுந்து ‘டிரைவ்’ கோப்புறைக்குள் எழுதத் தொடங்குகிறது. கோப்புறை இருக்கிறது; எழுத அனுமதியும் இருக்கிறது. தரவு உள்வட்டில் சேர்கிறது. மறுநாள் வலையமைப்பு சரியாகவே இருந்தாலும், கோப்புறை வெறுமையாக இல்லாததால் ஆர்க்ளோன் ஏற மறுக்கிறது. அது நல்ல காவல். உள்ளே ஏதோ இருக்கிறது, பார், என்கிறது. ஆனால் அவசரத்தில் இருப்பவர் அச்செய்தியை இணையத்தில் தேடினால், ‘வெறுமையல்லாத அடைவிலும் ஏற்று’ என்ற விருப்பத்தேர்வைச் சேர்க்கச் சொல்லும் அறிவுரை உடனே கிடைக்கும். சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். நேற்றைய அளவீடுகள் மட்டும் ஏற்றத்தின் அடியில் புதைந்துவிடும். அழியவில்லை, மறைந்திருக்கின்றன, கணினியை மறுநிறுவல் செய்யும் நாளில்தான் அழியும்.

இதைவிட மோசமானது அந்த நள்ளிரவு நகலெடுப்பு. ஆர்சிங்க் கொண்டு ‘மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலும் நீக்கு’ என்ற விருப்பத்தோடு எழுதப்பட்ட வரி ஒன்றே போதும். மேகம் ஏறாத இரவில் மூலம் ஒரு வெற்று அடைவு. வெற்று அடைவு பிழையன்று. அது முறையான, ஒன்றும் இல்லாத அடைவு. ஸ்கிரிப்ட் தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்து வெளி வன்தட்டையும் வெறுமையாக்கிவிட்டு வெற்றி என்று அறிவிக்கும். இதில் ஒரு முரண் உண்டு. ஏற்றம் பாதியில் அறுந்து ‘இணைப்பு இல்லை’ என்ற பிழையைக் கக்கும் நிலையில் இருந்தால், ஆர்சிங்க் மூலத்தைப் படிக்க இயலவில்லை என்று உணர்ந்து நீக்கும் வேலையைக் கைவிட்டுவிடும். அரைகுறையாய் உடைந்த ஏற்றம் தரவைக் காக்கிறது. தொடங்கவே தொடங்காத ஏற்றம் அழிக்கிறது.

வெறுமை ஒன்று கட்டளையாக மாறித் தரவை விழுங்குவது மாணவர்களின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, காப்புநகல் எடுக்கும் பணியின் இடையே, 77 டெராபைட் அளவுள்ள சுமார் 3.4 கோடிக் கோப்புகள் அழிந்தன. பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய பதிப்பை அதன்மேல் எழுதிவிட்டார்கள். பாஷ் ஸ்கிரிப்டை வாசித்துக்கொண்டே இயக்குவது. நடுவழியில் மாறியதால் சில மாறிகள் மதிப்பின்றி நின்றன. நீக்கும் கட்டளை ஆய்வாளர்களின் சேமிப்பகத்தின்மேலேயே பாய்ந்தது. 14 ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் தரவு மீளவில்லை. அங்கே செய்தவர்கள் தொழில்முறை வல்லுநர்கள். நம் ஆய்வுக்கூடங்களில் அந்த ஸ்கிரிப்டை எழுதுபவர் வேதியியல் மாணவராகவோ மொழியியல் மாணவராகவோ இருப்பார்.

ஏற்றம் தவறுவதற்கு வலையமைப்பு மட்டும் காரணமன்று, சாவியும் காரணமாகலாம். ஆர்க்ளோன் கூகுளிடம் தன்னை அடையாளப்படுத்த ஒரு டோக்கனைப் பயன்படுத்துகிறது. எல்லோருக்கும் பொதுவான அடையாள எண்ணைப் பயன்படுத்தினால் வேகம் குறைகிறது என்பதால், சொந்தமாக ஓர் அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ளுமாறு கையேடே பரிந்துரைக்கிறது. அதைச் செய்பவர்களில் பலர் அந்தச் செயலியைச் ‘சோதனை’ நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். தனிப்பட்ட கூகுள் கணக்கில் அந்நிலையில் வழங்கப்படும் டோக்கனுக்கு ஆயுள் 7 நாள். திங்களன்று அமைத்தது அடுத்த திங்கள் வரை அழகாக ஓடும். ‘நன்றாக வேலை செய்கிறது’ என்ற நம்பிக்கை வேரூன்ற ஒரு வாரம் தாராளமாகப் போதும். அதன்பின் வருவது வெற்று அடைவு.

சாவி காலாவதியாகாமல் இருப்பதிலும் சிக்கல் உண்டு. அது கணினியில் ஓர் உரைக் கோப்பில் கிடக்கிறது. அக்கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டலாம். ஆனால் தானாக ஏற வேண்டுமென்றால் கடவுச்சொல்லையும் தானாகத் தர வேண்டும் என்பதால் பெரும்பாலோர் பூட்டுவதில்லை. தனி மடிக்கணினியில், வன்தட்டே மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், இது பெரிதன்று. பொதுக் கணினியில், ஒரே பயனர் பெயரில் எல்லோரும் உள்நுழையும் வழக்கமுள்ள இடத்தில், நிலைமை வேறு. கணினியை இயக்குகிற எவருக்கும் அந்த ஆய்வாளரின் முழு டிரைவும் திறந்து கிடக்கும்: எழுதிக்கொண்டிருக்கும் இயல், நேர்காணல் ஒலிப்பதிவுகள், நெறியாளரின் குறிப்புகள், ஆதார் அட்டையின் நகல் வரை. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் இச்சாவி செல்லாமற் போகும் என்றும் நம்ப முடியாது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த அனுமதியையே விலக்க வேண்டும். களப்பணித் தரவைக் கையாளும் சமூக அறிவியல் ஆய்வாளர்கள் இதைக் கூடுதலாக எண்ண வேண்டும். பெயர் வெளியிடப்படாது என்று தகவலாளிக்குக் கொடுத்த வாக்கு, ஆய்வேட்டில் பெயரை மாற்றி எழுதுவதோடு முடிந்துவிடுவதில்லை. மூல ஒலிப்பதிவு எந்தக் கணினியில் யார் பார்வைக்குத் திறந்திருக்கிறது என்பதும் அந்த வாக்கில் அடங்கும்.

எல்லாம் சரியாக ஏறிய நாளிலும் எழுதும் வேலைக்கு இந்த ஏற்றம் முழுத் தகுதி உடையதன்று. உள்வட்டில் ‘சேமி’ என்றால் சேமிப்பு. இங்கே, இடைச்சேமிப்பு வசதியை இயக்கியிருந்தால், கோப்பு முதலில் கணினியிலேயே ஓரிடத்தில் தங்கும். மூடிய பின் இயல்பாக 5 விநாடி பொறுத்து மேலேற்றம் தொடங்கும். நூறு மெகாபைட் கோப்பு விடுதியின் வைஃபையில் ஏறி முடிவதற்குள் மடிக்கணினியை மூடிவிட்டால், அது அடுத்தமுறை அதே அமைப்போடு ஆர்க்ளோன் ஓடும்வரை காத்திருக்கும். ஆய்வாளரோ வீட்டிலிருந்து கைபேசியில் திறந்து பழைய பதிப்பைப் பார்த்து, அதையே திருத்தத் தொடங்குவார். வசதியை இயக்காவிட்டால் நிலைமை இன்னும் கடினம்: ஒரே கோப்பைப் படிக்கவும் எழுதவுமாகத் திறக்கும் மென்பொருள்கள் தடுமாறி நிற்கும்.

மேகத்தின் இலக்கணமும் லினக்ஸின் இலக்கணமும் ஒன்றல்ல என்பதும் இடைக்கிடை பல்லைக் காட்டும். கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கலாம். லினக்ஸ் அதை ஏற்காது. கூகுள் ஆவணங்கள் ஏற்றத்தில் அளவு பூச்சியம் என்று தோன்றும். அவற்றைச் சாதாரணக் கோப்பென்று எண்ணி நகலெடுக்கும் நிரல்கள் வெற்றுக் கோப்புகளை நகலெடுத்துத் திருப்தியடையும். மேற்கோள் மேலாளரான சோடேரோவின் தரவு அடைவை மேகக் கோப்புறைக்குள் வைக்க வேண்டாம் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. உள்ளே இருப்பது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம், பூட்டுகள் ஒழுங்காகச் செயற்படாத இடத்தில் அது சிதையும். நான்காண்டுக் குறிப்புகளும் சிறுகுறிப்புகளும் அதற்குள் இருக்கும் என்பதை முனைவர் பட்ட மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. (கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது படங்கள் நிறைந்த ஏற்றக் கோப்புறையைத் திறந்துவிட்டு, சிறுபடம் காட்டுவதற்காகக் கோப்பு மேலாளர் ஒவ்வொன்றையும் இழுத்து அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிட்ட துயரம் தனி வகை.)

இத்தனையும் சொல்வது ஏற்றத்தைக் கைவிடச் சொல்வதற்காக அன்று. வன்தட்டில் இடமில்லாத மடிக்கணினியில் பெரிய தொகுப்பொன்றை வாசிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ‘தானாக’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நாம் தவறானதைத் தேர்ந்தெடுக்கிறோம். கணினி எழும்போதே ஏற்றுவது ஒன்று. அந்த அடைவை யாரேனும் தொடும் கணத்தில் ஏற்றுவது மற்றொன்று. இரண்டாவதைச் சிஸ்டம்டி தருகிறது: எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியோடு ‘தானியங்கு ஏற்றம்’ விருப்பத்தைச் சேர்த்தால் போதும். அப்போது அடைவின்மேல் காவல் ஒன்று எப்போதும் நிற்கும். நிரல் உள்ளே நுழையும்போது காவல் அதை நிறுத்திவைத்து ஏற்றத்தை முயலும். ஏறினால் உள்ளே விடும், ஏறாவிட்டால் பிழை தந்து திருப்பி அனுப்பும். வெற்று அடைவு வெளியே தெரியும் வாய்ப்பே இல்லை. நள்ளிரவு ஸ்கிரிப்ட் பிழையோடு நின்றுவிடும், வெளி வன்தட்டு தப்பும். இவ்வழியில் ஏற்றம் ரூட் பயனரின் பெயரில் நடப்பதால், ஆர்க்ளோன் கட்டமைப்புக் கோப்பின் முழுப் பாதையைத் தர வேண்டும். பிற பயனர்களை அனுமதிக்கும் விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். அரை மணி நேரக் கூடுதல் வேலை.

ரூட் வழியாக ஏற்றுவோருக்கு இன்னொரு காப்பும் உண்டு. ஏற்றம் இல்லாத நேரத்தில் அந்த வெற்று அடைவை ‘மாறாத’ பண்புடையதாக ஆக்கிவிட்டால், ஏறாதபோது அதற்குள் ரூட்டாலும் எழுத முடியாது. பயனர் கணக்கில் ஏற்றுவோருக்கு இது பயன்படாது. ஏற்றப்படும் அடைவில் எழுதும் உரிமை இருக்கிறதா என்று ஃப்யூஸ் பார்க்கும். அவர்கள் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே ‘இது ஏற்றப்பட்ட புள்ளிதானா’ என்று கேட்கும் கட்டளையை வைத்து, இல்லையென்றால் வெளியேறச் செய்யலாம். நீக்கும் நகலெடுப்புக்கு ‘இத்தனைக்கு மேல் நீக்காதே’ என்ற வரம்பும் தரலாம். பொதுக் கணினியில் டோக்கனை வாசிக்கும் உரிமையோடு மட்டும் பெறலாம். ஆர்க்ளோன் அமைக்கும்போதே அதைக் கேட்கிறது, நாம்தான் யோசியாமல் முழு உரிமைக்கு உரிய எண்ணைத் தட்டுகிறோம். இவை எல்லாவற்றிற்கும் மேலே, தரவு பிறக்கும் இடம் உள்வட்டாகவே இருக்கட்டும். மேகத்துக்கு அது நகலாகப் போகட்டும். ஏற்றம் வாசிப்பதற்கான சாளரம். பிறப்பிடமாக அதைக் கொள்வதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உள்வட்டு, வெளி வன்தட்டு, மேகம் என்று மூன்றிடத்தில் வைக்கச் சொல்வது வசதி படைத்தவருக்கான அறிவுரை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாமல் ஆய்வு செய்பவருக்கு மாதம் 8,000 ரூபாய். நல்ல வெளி வன்தட்டு ஒன்று அந்தத் தொகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவும் கிடைக்காமல் ஆய்வு செய்வோர் உண்டு. அவர்களுக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சலோடு வந்த டிரைவ்தான் ஒரே அலமாரி. இந்த மறுப்பு சரியானது. அதனாலேயே பழியை மாணவரின் ஸ்கிரிப்டோடு நிறுத்திவிட முடியாது.

கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற சேமிப்பு என்று கொடுத்த கூகுள், 2021 பிப்ரவரியில் அதை மாற்றிக்கொண்டது. 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்பது அடிப்படை அளவு. 10,000 கணக்குகள் உள்ள பல்கலைக்கழகத்தில் சராசரியாகத் தலைக்கு 10 ஜிகாபைட். ஓர் ஆய்வாளரின் நுண்ணோக்கிப் படங்கள் அதை ஒரு வாரத்தில் நிறைத்துவிடும். இது நிறுவனத்தின் வணிக முடிவு. அதற்கு உரிமை உண்டு. ஆனால் தன் ஆய்வாளர்களின் தரவுக்கு இடம் தரும் கடமையை இலவசக் கணக்கு ஒன்றைக் கொடுத்து முடித்துக்கொண்ட துறைகளும் பல்கலைக்கழகங்களும் அந்த முடிவின் முன் கைபிசைந்து நின்றன. வழி இல்லாமல் இல்லை. தேசிய அறிவு வலையமைப்பு 2010இலிருந்து உயர் கல்வி நிறுவனங்களை அதிவேக இணைப்பால் கோத்திருக்கிறது. குழாய் இருக்கிறது, அதன் முனையில் தொட்டி கட்டப்படவில்லை.

தொட்டி கட்டினால் மட்டும் போதும் என்றும் சொல்ல இயலாது. தென்கொரியாவில் அரசு ஊழியர்கள் கோப்புகளைத் தம் கணினியில் வைக்காமல் அரசின் மேகத்திலேயே வைக்குமாறு பணிக்கப்பட்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது அந்த மேகத்தின் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு மிகப் பெரிதென்று அதற்கு வெளிக் காப்புநகல் எடுத்திருக்கவில்லை. சொந்த மேகமாயினும் அடுத்தவர் மேகமாயினும், இரண்டாவது பிரதி இல்லாத இடத்துக்கு ஒரே பெயர்தான். பல்கலைக்கழகம் ஆய்வாளருக்குத் தர வேண்டிய உதவியில் இந்த இரண்டாவது பிரதியும் அடங்கும். துறைக்கு ஒரு சிறிய வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியும், அதைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஓர் ஆளும் தொடக்கத்துக்குப் போதும். பெட்டியைவிட ஆள் முக்கியம். பெட்டிகளை வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருக்கும் துறைகள் நமக்குப் புதியவை அல்ல.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, இயல்பாக மிகுதி ஆறாண்டு. அவ்வளவு காலம் சேர்ந்த தரவிலிருந்து எழும் ஆய்வேட்டுக்கு, காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்காவில் நிலையான இடம் உண்டு. அதன் பின்னிருக்கும் அளவீடுகளுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் அப்படி எல்லாத் துறைக்கும் பொதுவான, கட்டாயமான இடம் இல்லை. உயிரியல் தரவுக்கு ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022இல் திறக்கப்பட்டது. மற்றத் துறையினர் தத்தம் டிரைவில்தான் வைத்திருக்கிறார்கள். பட்டம் முடித்து வெளியேறும் நாளில் ஆய்வாளர் ‘நோ டியூஸ்’ படிவத்தோடு நூலகம், விடுதி, ஆய்வுக்கூடம், கணக்குப் பிரிவு என்று ஒவ்வொரு மேசையாக நின்று கையொப்பம் வாங்குகிறார். திருப்பித் தராத ஒரு நூலுக்கு அபராதம் கட்டாமல் அப்படிவம் நகராது. ஆறாண்டுத் தரவு எங்கே இருக்கிறது, அதன் பிரதி யாரிடம் இருக்கிறது, பொதுக் கணினியில் கிடக்கும் டோக்கன் விலக்கப்பட்டதா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. சில மாதங்களில் மின்னஞ்சல் கணக்கு மூடப்படும். அதோடு அந்த டிரைவும் போகும். ஆய்வுக்கூடத்துப் பொதுக் கணினியோ ஒவ்வொரு காலையும் அதே கோப்புறையைக் காட்டிக்கொண்டிருக்கும், உள்ளே ஒன்றும் இல்லாமல்.